கட்டுச்சோறு தீரும் நாள்

(வீட்டுத் தோட்டம் போடுவோர் கூடிய கூட்டமொன்றில், காய்கறி நாற்றுப் பண்ணை நடத்தும் பெண்மணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடியிலும் பங்குனியிலும் எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் பலர் தலையில் சுமந்திருப்பீர்கள். சட்டியில் வைக்கோலையும் காய்ந்த எருத்தூளையும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். தினமும் தண்ணீர் தெளிப்பதும் கும்மி கொட்டுவதும்தான் வேலை. எட்டாம் நாள் கதவைத் திறந்தால் ஒரு சாண் உயரத்துக்கு, வெள்ளையும் இளமஞ்சளுமாகப் பயிர் அடர்ந்து நிற்கும். வெயிலை ஒரு நாள்கூடப் பார்க்காத பயிர்.

சின்ன வயதில் எனக்கு இது பெரிய அதிசயம். அப்பத்தாவிடம் கேட்டேன்: "நாம ஒண்ணுமே போடலையே அப்பத்தா, எதைத் தின்னு இம்புட்டு வளந்துச்சு?" அப்பத்தா சட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "அது வரும்போதே கொண்டாந்திருக்கும் தாயி" என்றார்.

22 வருடமாக நாற்று விட்டுப் பிழைக்கிறேன். எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன், புத்தகம் படித்திருக்கிறேன். அப்பத்தா சொன்னதைத் தாண்டி ஒரு நாற்றுக்காரி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு எதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். விதை வரும்போதே கட்டுச்சோறு கொண்டு வருகிறது. அந்தச் சோறு தீரும்வரை நம் சமையல் அதற்கு வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் ஒரு கைப்பிடி பாசிப்பயறை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். முளைத்ததும் நாலைந்தை எடுத்து ஒரு தட்டில் ஈரப் பஞ்சின் மேல் வைத்துத் தினமும் பாருங்கள். பயற்றின் இரண்டு பருப்பும் தண்டில் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பி வரும். முதல் நாள் உருண்டு திரண்டிருக்கும். மூன்றாம் நாள் கொஞ்சம் சுருங்கும். ஐந்தாறு நாளில் சூம்பி, விரலால் நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோலாகி, தானாக உதிரும். அதற்குள் மேலே இரண்டு பச்சை இலை விரிந்திருக்கும். பருப்பு சூம்பியதும் இலை விரிந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இங்கே குறைந்ததுதான் அங்கே கூடியிருக்கிறது.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சாலையோரத்தில் தேங்காய்ப்பூ விற்கிறார்களே, அதைப் பாருங்கள். முளைவிட்ட தேங்காய்க்குள் வெள்ளைப் பஞ்சு உருண்டையாக இருக்கும் அது உண்மையில் பூவே இல்லை. உள்ளே இருக்கும் பருப்பைக் கரைத்து உறிஞ்சி, மேலே வளரும் கன்றுக்கு அனுப்புகிற உறுப்பு. ஏறத்தாழ ஒரு வருடம் வரை தென்னங்கன்று அந்தத் தேங்காயை நம்பி இருக்கும். பனையிலும் இதே ஏற்பாடுதான். முளைத்த பனங்கொட்டையை வெட்டித் தவுன் எடுத்துத் தின்றிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அதைப் பூரான் என்கிறார்கள். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கும், வளரப்போகும் பனை தனக்கென்று சேர்த்துவைத்த மாவுதான். ஒரு குழந்தையின் கட்டுச்சோற்றை வாங்கித் தின்கிறோம். அது அத்தனை ருசியாக இருப்பதில் ஆச்சரியம் என்ன!

எல்லா விதையும் ஒரே அளவு சோறு கட்டிவருவதில்லை. இது முக்கியம், கவனியுங்கள். அவரை, பூசணி, பாகல் எல்லாம் பெரிய மூட்டையோடு வருகிறவை. தக்காளி விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 300 இருக்கும். அதன் மூட்டை பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வரும். தண்டுக்கீரை விதையோ ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல். அதனிடம் இருப்பது ஒரு வாய்ச் சோறு. அதனால்தான் கீரைப் பாத்திக்கு மட்டும் விதைப்பதற்கு முன்பே மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து வைக்கச் சொல்கிறோம். கீரை முளைத்து நாலு நாளில் மண்ணிடம் கை நீட்டும். இருபத்தைந்து நாளில் பறித்தும் விடுவோம். இடையில் ஊட்டுவதற்கு நேரமே இருக்காது.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு வருவோம். உங்கள் மாடித்தோட்டத்தில் அதிகம் சாகும் பிள்ளைகள் இவைதான்.

இதோ, இந்தக் குழித்தட்டைப் பாருங்கள். 98 குழி. இந்தப் பக்க வரிசையில் இருப்பது ஒன்பது நாள் தக்காளி. முதலில் விரிந்திருக்கும் இரண்டும் நீளமாக, ஓரம் மழுங்கலாக, வெட்டு எதுவும் இல்லாமல் இருக்கின்றன. தக்காளி இலை போலவே இல்லை, இல்லையா? இவை விதையிலைகள். விதைக்குள் மடிந்து கிடந்தவை. இந்தப் பக்கம் பதினேழு நாள் நாற்று. விதையிலைக்கு மேலே ஓரம் வெட்டுப்பட்ட இலைகள் வந்திருக்கின்றன. எந்தப் பிள்ளையிடம் காட்டினாலும் தக்காளி என்று சொல்லும். நாங்கள் இதைச் சொந்த இலை என்போம். சொந்த இலை இரண்டு நன்றாக விரிகிற நாள்தான் முதல் ஊட்டு நாள். தக்காளிக்கு விதைத்து 12 முதல் 15 நாள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் சில நாள் கூடும், ஏனென்றால் மிளகாய் முளைப்பதற்கே ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளும். நாட்கணக்கைவிட இலைக்கணக்கு நம்பகமானது. மார்கழிக் குளிரில் எல்லாமே பிந்தும்.

சொந்த இலை வந்தபிறகு விதையிலை மஞ்சளாகும், காயும், விழும். அதைப் பார்த்துப் பதறிப்போய் உரக்கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அது நோயுமில்லை, பசியுமில்லை. சோறு தீர்ந்த தூக்குவாளி, அவ்வளவுதான்.

பதற்றம் என்ன செய்யும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாற்றுத் தொழிலுக்கு வந்த முதல் வருடம். ஆடிப்பட்டத்துக்கு ஒரு விவசாயி மிளகாய் நாற்று கேட்டு முன்பணம் கொடுத்திருந்தார். 40 தட்டு, 3,920 நாற்று. விதைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எல்லாம் விதையிலைப் பருவம். கொஞ்சம் வெளிறினாற்போல் என் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் கடலைப்புண்ணாக்கு ஊறப்போட்டு வைத்திருந்தேன், தென்னைக்கு ஊற்றுவதற்காக. இயற்கையானதுதானே, கெடுதல் செய்யுமா என்று எண்ணி, அதைக் கெட்டியாகவே பூவாளியில் ஊற்றித் தெளித்துவிட்டேன். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் விதையிலையின் நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு. தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நாற்று வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. நாற்றழுகல் பிடித்துவிட்டது.

அப்பா வந்தார். ஒரு தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "பசிக்குதுன்னு இதுக உங்கிட்ட கேட்டுச்சா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த விவசாயிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் பட்டம் தவறிப்போனதை யார் திருப்பிக் கொடுப்பது? அந்த ஆடியில் அவர் நிலம் மிளகாய் இல்லாமல் போயிற்று. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மாவடுவை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? வடுவுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்து, ஜாடி நிரம்ப நீர் விடுகிறது, வடு சுருங்கிப்போகிறது. உப்பு அதிகம் இருக்கும் பக்கம் தண்ணீர் நகரும். வேரும் ஒரு வடு மாங்காய்தான். வேரைச் சுற்றி உரக்கரைசல் கெட்டியாக இருந்தால், வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கத் தொடங்கும். ஈரமண்ணில் நின்றுகொண்டே நாற்று தாகத்தில் சாகும். நுனி கருகுவது அதனால்தான். புண்ணாக்கு அழுகும்போது அம்மோனியா வேறு வெளிவரும். அது பிஞ்சு வேரைப் பொசுக்கும். மிச்சமிருப்பதை, ஈரத்திலும் புளிப்பிலும் செழிக்கிற பூஞ்சைகள் வந்து முடித்துவிடும்.

இயற்கை உரம் என்றால் எவ்வளவு போட்டாலும் சுடாது என்று ஒரு நம்பிக்கை மாடித்தோட்டக்காரர்களிடம் பரவியிருக்கிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். தொழு உரத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நூற்றுக்கு அரைப் பங்குதான். மண்புழு உரத்தில் ஒன்று, ஒன்றரை. வேப்பம்புண்ணாக்கில் ஏறத்தாழ 5. கடலைப்புண்ணாக்கில் 7. யூரியாவில் 46. அதாவது கடலைப்புண்ணாக்கு, தொழு உரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் காரமான சரக்கு. எரு அள்ளும் கையால் புண்ணாக்கை அள்ளக் கூடாது.

அப்படியானால் எவ்வளவுதான் வேண்டும்? ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். இப்போதைய பெல்ஜியம் இருக்கும் பகுதியில் வான் ஹெல்மான்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை எடைபோட்டு நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிடுங்கி எடை போட்டபோது மரம் 169 பவுண்டு. மண்ணைக் காயவைத்து நிறுத்தார். குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ், நம் கணக்கில் அறுபது கிராமுக்கும் கீழே. அவர் இறந்தபிறகு 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டியது தவறு. காற்றிலிருக்கும் கரியைத்தான் வெயிலைக்கொண்டு மரம் உடம்பாக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த 2 அவுன்ஸை நான் மறப்பதேயில்லை. செடிக்குத் தேவை என்று இன்று கண்டிருக்கும் தனிமங்கள் 17. அதில் மூன்றைக் காற்றும் தண்ணீரும் கொடுத்துவிடுகின்றன. எடையில் பெரும்பங்கு அந்த மூன்றுதான். மீதி 14தான் நாம் போடும் உரம். சோற்றுக்கு உப்பு எவ்வளவோ அவ்வளவுதான் செடிக்கு உரம். இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. கூடினால் வாயில் வைக்க முடியாது.

இனி கை வேலைக்கு வருகிறேன்.

முதல் ஊட்டுக்கு நான் கொடுப்பது மண்புழு உரத் தண்ணீர். இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீரில் இரவு போட்டுவையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டால் வெளிர் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதை அப்படியே பூவாளியில் ஊற்றலாம். பஞ்சகவ்யம் வைத்திருக்கிறீர்களா? கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய அந்தக் கரைசலை வளர்ந்த பயிருக்கு லிட்டருக்கு 30 மில்லி என்ற கணக்கில் தெளிப்பார்கள். நாற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 10 மில்லி போதும். கடையில் வாங்குவதென்றால், தழை, மணி, சாம்பல், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் உரம் கிடைக்கிறது. 'ஆல் 19' என்று கேட்டால் தருவார்கள். அது லிட்டருக்கு ஒரு கிராம். ஒரு கிராம் என்றால் டீஸ்பூனில் கால் பாகம்தான். வாரம் ஒருமுறை. எதைக் கொடுத்தாலும் அதற்கு முன்னால் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் விழக் கூடாது. காலையில் கொடுங்கள், சித்திரை வைகாசியில் வெயில் ஏறிய பிறகு பூவாளியைத் தொடாதீர்கள்.

இயற்கையா ரசாயனமா என்று இதில் சண்டை வேண்டாம் என்பது என் கருத்து. தழைச்சத்தை வேர் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. அது மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று வேர் கேட்பதில்லை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் கேட்கும். இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா தன் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். நாற்று, தட்டில் இருக்கப்போவது முப்பது, நாற்பது நாள். அதை எடுத்து நடும் பையில் இருக்கும் மண்ணோ உங்களோடு வருடக்கணக்கில் இருக்கப்போகிறது. அதனால் தட்டில் எதை வேண்டுமானாலும் நீர்க்கக் கலந்து கொடுங்கள். பையில் மக்கிய எருவே முதன்மையாக இருக்கட்டும்.

மண்கலவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் நாற்று பசியால் வாடுவதும் உப்பால் கருகுவதும் இதில்தான் தொடங்குகிறது. மாடியில் எடை கூடாது என்று எல்லோரும் தென்னை நார்த்தூள் வாங்குகிறோம். நல்ல பொருள், தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் சத்து என்று எதுவும் பெரிதாக இல்லை. கழுவாத தூளில் உப்பு இருக்கும். கட்டியை வாங்கியதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுங்கள், மூன்று முறை. இன்னொரு சங்கதி, மக்காத தூளில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்துக்கு நூறு மடங்குக்கு மேல். அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். நாம் செடிக்கென்று ஊற்றுவதை அவை முதலில் எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாக நிற்கும். 'எல்லாம் போடுறேன், செடி வரமாட்டேங்குது' என்று சொல்கிறவர்கள் வீட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தால் முக்கால்வாசி பச்சை நார்த்தூள்தான் இருக்கும். மக்கவைத்த நார்க்கழிவாகக் கேட்டு வாங்குங்கள். கருத்து, மண்வாசனை அடிக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, அந்த நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு. அதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து, நனைத்து, நிழலில் பத்துப் பதினைந்து நாள் வையுங்கள். சூடு அடங்கட்டும். பச்சைச் சாணத்தை நேராகப் போடாதீர்கள். அது சூடேறும், வெள்ளைப் புழுக்களையும் கூட்டி வரும்.

அடுத்து, நடுகிற நாள். தக்காளி நாற்று 25 நாளில், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40. முந்தின நாள் தண்ணீரைக் குறைத்து, நடப்போகும் மாலையில் நனைத்து, வேர்ப்பந்து உடையாமல் எடுங்கள். வேரை அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் நனைத்து நடுவது நான் ஒருபோதும் விடாத பழக்கம். நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு தழைச்சத்துதான்; செடியால் அதைத் தொட முடியாது. இந்த நுண்ணுயிர் வேரை ஒட்டி வாழ்ந்து, காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ரசாயன உரத்தோடும் பூஞ்சாணக்கொல்லியோடும் சேர்த்து மட்டும் கலக்காதீர்கள்.

நட்டபிறகு எட்டுப் பத்து நாள் வெறும் தண்ணீர். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை! நட்ட அன்றே ஒரு கை உரம் வைத்தால்தான் மனம் ஆறுகிறது. எவ்வளவு பதமாக எடுத்தாலும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுபடும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது பெரும்பாலும் அவைதான். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்குப் பிரியாணி ஊட்டுவோமா? நுனியில் புது இலை எட்டிப் பார்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தண்டை ஒட்டி வைக்காதீர்கள், பையின் ஓரமாக வட்டமாக. உறிஞ்சும் வேர்நுனி ஓரத்தில்தான் இருக்கிறது.

தக்காளி நட்டு 25, 30 நாளில் பூ விடும். அதுவரை தழைச்சத்துக்கு இருந்த இடத்தைச் சாம்பல்சத்துக்குக் கொடுங்கள். தழைச்சத்தை ஊட்டிக்கொண்டே போனால் செடி கருகருவென்று இலையாகப் பெருக்கும், பூவை உதிர்க்கும், அசுவினியை விருந்துக்கு அழைக்கும். விறகுச் சாம்பல் இருந்தால் பைக்கு ஒரு ஸ்பூன், மாதம் ஒருமுறை. அதைப் புண்ணாக்கோடும் சாணத்தோடும் கலக்காதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். காயின் அடி கருத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் இது வரும், ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால். முட்டை ஓட்டைத் தேடுவதற்கு முன் தண்ணீரை ஒழுங்காக்குங்கள்.

அவரை, கொத்தவரை, தட்டைப்பயறுக்குத் தழை உரமே தேவையில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகுபோல் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே காற்றிலிருந்து தழைச்சத்து சமைந்துகொண்டிருக்கிறது. நாம் மேலிருந்து கொட்டினால் அந்த அடுப்பு அணைந்துவிடும்.

முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒரு கத்தரிச் செடியைப் பையோடு தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு மாடி இறங்கிக் கொண்டுவந்திருக்கிறீர்கள், நன்றி அம்மா. எல்லோரும் பார்க்கும்படி காட்டுகிறேன். கீழ் இலை பச்சையாக இருக்கிறது. நுனியில் புதிதாக வந்த இலைகள் மட்டும் மஞ்சள். ஆனால் நரம்பு பச்சையாக, வலை பின்னினதுபோல் தெரிகிறது. அம்மா இதற்கு மூன்று முறை எப்சம் உப்பு போட்டதாகச் சொன்னார்கள். எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். மெக்னீசியம் குறைந்தாலும் நரம்புக்கு நடுவே மஞ்சளாகும், ஆனால் கீழே, முதிர்ந்த இலையில். காரணம் என்னவென்றால், சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து கழற்றிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் அந்த வகை. வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தம் பங்கைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல. அதனால் அவற்றின் குறை முதலில் கீழ் இலையில் தெரியும். இரும்பும் சுண்ணாம்பும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் நகராது. அவற்றின் குறை குருத்தில் தெரியும்.

இந்தச் செடிக்குக் குறை இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். இவர்கள் ஊற்றுவது கடினமான போர்த் தண்ணீர், கூடவே வாராவாரம் சாம்பல். மண்ணில் காரம் ஏறிவிட்டது. காரமண்ணில் இரும்பு கரையாது; கண்ணெதிரே இருந்தும் வேருக்குக் கிடைக்காது. சாம்பலை நிறுத்துங்கள் அம்மா. எப்சம் உப்பையும் நிறுத்துங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மழைத் தண்ணீரைப் பிடிக்க முடிந்தால் இதைவிட நல்ல மருந்து இல்லை.

இலையின் அடிப்புறம் ஊதா படிந்தால் மணிச்சத்துக் குறை. மார்கழிக் குளிரில் வேர் சோம்பினாலும் அப்படித் தெரியும். கீழ் இலை முழுதும் சீராக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. உரம் வைத்த மூன்று நாளுக்குள் நுனி கருகினால் அது குறையே இல்லை, மிகை. அப்போது செய்ய வேண்டியது பை வழிந்து ஓட ஓட வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது.

திருக்குறளில் உழவு அதிகாரத்தில் 1037, 1038 என்று இரண்டு குறள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உழுத புழுதியை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருகூட இல்லாமல் பயிர் விளையும் என்கிறது முதல் குறள். உழுவதைவிட எருப்போடுவது நல்லது என்கிறது அடுத்தது. வள்ளுவர் மாற்றி மாற்றிப் பேசுகிறாரா என்று பள்ளிக்கூடத்தில் குழம்பியிருக்கிறேன். நாற்று விட்டுப் பழகியபின் எனக்கு அந்த வரிசை புரிகிறது. மண்ணைப் பக்குவம் செய்தவனுக்குத்தான் எருவைப் பற்றியே அவர் சொல்கிறார். பக்குவமாகாத மண்ணில், வேர் பிடிக்காத நாற்றுக்கு, எரு ஒரு சுமை.

இன்றைக்கு விதை வாங்கும்போதே மூன்று பாட்டில் வளர்ச்சி ஊக்கியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். விதைத்த ஐந்தாம் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. ஆசையில்தான் செய்கிறோம், எனக்குத் தெரியும். நானும் அந்த ஆசையில்தான் 3,920 பிள்ளைகளைக் கொன்றேன். தயவுசெய்து முதல் இரண்டு வாரம் பாட்டிலைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விதைத்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டு வருவதை, தண்டு நிமிர்வதை, விதையிலை வெயிலுக்குத் திரும்புவதை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பசி எது, தாகம் எது என்று தானாகத் தெரியும்.

வாசலில் மிளகாய் நாற்று 12 தட்டு வைத்திருக்கிறேன். 36 நாள் ஆனவை. ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளைக்கு முன்புதான் அவற்றுக்கு உரத்தண்ணீர் கொடுத்தேன். இன்று மாலையே நட்டுவிடுங்கள். அடுத்த பத்து நாளுக்கு அவற்றுக்குத் தண்ணீர் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.